பார்க்க மட்டும்

ராயபுரம் கல்மண்டபத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும் சாலையில், நைலான் வலை விற்கும் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அறை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. மாடிப்படிக்கு அடியில் சுண்ணாம்பால் 'கம்ப்யூட்டர்' என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. மேலே போனால் மூன்று பொருள்கள் கண்ணில் படும்: ஒரு பழைய மானிட்டர், ஒரு டேபிள் ஃபேன், கதவு திறந்தே கிடக்கும் ஓர் இரும்பு பீரோ. பீரோவின் தட்டுகளில் துணிக்குப் பதில் ஹார்ட் டிஸ்க்குகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டி, தேதியும் ஓர் இடத்தின் பெயரும் எழுதியிருப்பார். காசிமேடு. எண்ணூர். யானைக்கவுனி. மனிதர்களின் பெயர் எதிலும் இருக்காது.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. எவ்வளவு புழுக்கத்திலும் சட்டையின் கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் இடது கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். வலது கையால் மட்டுமே தட்டுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு கையும் முன்னால கீதுன்னா எத்தையாவது எடுக்கத் தோணும்மா" என்றார். சிரிக்கவில்லை.

நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, திருவொற்றியூரில் ரசாயனத் தொட்டிக் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எட்டுக் கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. உப்புக்காற்றும் அடிக்கடி போய்வரும் மின்சாரமும் சேர்ந்து மாதம் ஒன்றையாவது படுக்கவைக்கும். அதை ஆட்டோவில் ஏற்றி, டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, கல்மண்டபத்துக்குக் கொண்டுபோவேன்.

அவர் செய்யும் முறை எப்போதும் ஒன்றுதான். லினக்ஸ் சிடி ஒன்றை உள்ளே தள்ளுவார். படுத்துவிட்ட விண்டோஸைத் தொடாமல், சிடியிலிருந்தே வேறொரு முழு கம்ப்யூட்டர் எழுந்து நிற்கும். அதற்குள்ளிருந்து விண்டோஸின் வட்டுப் பகுதிகளை, சி டிரைவ், டி டிரைவ் என்று ஒவ்வொன்றாகத் திறப்பார். பாஸ்வேர்டு யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டிய விண்டோஸ்தான் எழுந்திருக்கவே இல்லையே. வாசலில் காவலாளி தூங்கும்போது சுவரே காணாமல் போனதுபோல, வீட்டுக்குள் இருப்பதெல்லாம் தெருவிலிருந்து தெரியும்.

திறக்கும் கட்டளையில் 'ஆர் ஓ' என்று இரண்டு எழுத்தை மறக்காமல் சேர்ப்பார். படிக்கலாம், எழுத முடியாது என்று அதற்குப் பொருள். அந்த நாட்களில் சில வகை விண்டோஸ் பகுதிகளில் லினக்ஸிலிருந்து எழுதினால் எல்லாம் கெட்டுப்போகும் ஆபத்து இருந்தது. எழுதினாலும் கெடாத வகைகளும் உண்டு. அவர் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு எழுத்தைப் போட்டார். பிறகு முழு வட்டையும் இன்னொரு வட்டில் நகலெடுத்து பீரோவில் வைப்பார். மூன்று மாதம் யாரும் தேடி வராவிட்டால் அழித்துவிடுவார். கேட்ட கோப்புகளை மட்டும் சிடியில் போட்டுக் கையில் கொடுப்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது.

இவரைப் பற்றி எழுதும்போது ஏழுமலையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் கிடங்கின் கழிவுக் குழியில் ஒரு காலையில் இறங்கி, உயிரோடு மேலே வராதவர் ஏழுமலை. அவர் இறங்குமுன் குழிக்குள் காற்றை அளந்தார்களா, அளக்காமலே அளந்ததாக எழுதினார்களா என்ற ஒரே கேள்விதான் மிஞ்சியது. அந்தக் கேள்வி இவருடைய மேஜைக்கு வந்தது. அதற்கு முன் இவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் நான் போயிருந்தபோது, நன்றாக உடுத்திய ஓர் ஆள் ஒரு சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என் வூட்டுக்காரி யூஸ் பண்றது. அவ யாருக்கு இன்னா எழுதறான்னு பாக்கணும். நீ தொறந்து காட்டினா போதும்."

"அவங்களை இட்டுனு வா நைனா. அவங்க கேட்டா காட்றேன்."

"நான் புருசன் கேக்குறேன்டா."

"மிசினு அவங்களுது. நீ தூக்கியாந்த, அவ்ளோதான்."

அந்த ஆள் கத்தினார், கெட்ட வார்த்தை சொன்னார், மேஜையைத் தட்டினார். இவர் இடது கை முதுகுக்குப் பின்னாலேயே இருக்க, ஃபேனைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். அவ்வளவுதான். இப்படிப்பட்டவர் என்று தெரிந்ததால்தான் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லாரும் இவரிடம் வந்தார்கள். வக்கீல் ஆபீஸ் வந்தது, மீனவர் சங்கம் வந்தது, சர்ச்சின் கல்யாணப் பதிவேடு வந்தது. நானும் அன்று மனதுக்குள் மதிப்பெண் போட்டேன். நூற்றுக்கு நூறு.

அடுத்து நடந்ததற்கு என்ன மதிப்பெண் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ராயபுரத்து ரயில்வே கார்டு ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொடுத்து, மகளின் ஞானஸ்நானப் படங்களை மட்டும் மீட்டுத் தரச் சொல்லியிருந்தார். படங்கள் கிடைத்தன. இரண்டு வாரம் கழித்து அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தபோது நான் அங்கிருந்தேன்.

"எம்புள்ள வூட்ட வுட்டுப் பூட்டான்யா. எங்க போனான்னு தெர்ல. அவன் ஒரு லெட்டர் அடிச்சி வச்சிருக்கான் அந்த மிசின்ல. அவங்கம்மா இப்பத்தான் பாத்தா. நீ தொறந்தப்ப அத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"படிச்சியா?"

"படிச்சேன்."

கார்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா புடிச்சி உக்கார வச்சிருப்பேனே. வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சினு இருந்த?"

"நீ போட்டோ கேட்ட. போட்டோ குடுத்தேன்."

கார்டு கீழே இறங்கும்போது படியில் இரண்டு முறை நின்றார். அவர் போனபிறகு இவர் எனக்கு ஒரு கதை சொன்னார். சின்ன வயதில் துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணும் டாலி கிளார்க்காக இருந்திருக்கிறார். எண்ணுகிறவன் மூட்டையைத் தொடக்கூடாது என்பது அங்கே கட்டாயம். ஒருமுறை வலையில் தொங்கிய மூட்டை சரிவதைப் பார்த்துக் கைகொடுக்கப் போனார். கணக்கில் கை வைத்தான் என்று எழுதி வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"அதோட வுட்டேன்மா. பாக்குறது தான் நம்ம வேலை" என்றார்.

நான் கேட்டேன், "அந்தப் பையன் எழுதியிருந்ததைப் படிச்சப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலையா அண்ணா?"

அவர் பீரோவைப் பார்த்தார். "தோணிச்சி. தோணாமயா இருக்கும்?" என்றார். பிறகு என்னுடைய சிபியூவின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

எங்கள் கிடங்கில் கழிவுக் குழிக்கு ஒரு நடைமுறை இருந்தது. தினமும் காலை ஒன்பதேகாலுக்கு தனி அறையில் பூட்டியிருக்கும் மீட்டரை எடுத்து, கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கி, விஷவாயு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அந்த அளவை குழிக்குப் பக்கத்து ஷெட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் அன்றைய கோப்பில் அடித்து, பர்மிட் சீட்டை அச்செடுக்க வேண்டும். சீட்டு கையில் வந்தபிறகுதான் ஆள் இறங்கலாம். ஏழுமலை இறங்கியது பத்து மணிக்கு. சட்டைப்பையில் சீட்டு இருந்தது. அதில் எல்லாம் சரி என்று இருந்தது.

இரண்டு நாளில் ஷெட் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தது. தானாகப் படுத்ததா, படுக்கவைத்தார்களா என்று நான் சொல்ல முடியாது. மேனேஜர் அதை அழித்துப் புதிதாக விண்டோஸ் போடச் சொன்னார். தொழிலாளர் சங்கச் செயலாளர் குறுக்கே நின்றார். "கோப்ப எப்ப அடிச்சாங்கன்னு டைம் பாக்காம ஒண்ணியும் அழிக்கக் கூடாது" என்றார். யார் பார்ப்பது என்று வாக்குவாதம் வந்தபோது இருவரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். அவரையே அலுவலகத்துக்கு வரவழைத்தோம்.

அறையில் ஐந்து பேர் இருந்தோம்: மேனேஜர், செயலாளர், ஷெட் சூப்பர்வைசர், அவர், நான். கதவுக்கு வெளியே ஏழுமலையின் மனைவி கஸ்தூரி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் அவளுடைய தம்பி நின்றிருந்தான்.

அவர் சிடியைப் போட்டார். இடது கை முதுகுக்குப் போனது. டி டிரைவைத் திறந்தார். அன்றைய கோப்பு இருந்தது.

"இன்னா டைம் காட்டுது?" என்று செயலாளர் கேட்டார்.

"மூணு நாப்பத்தேழு. விடியக்காலை."

விடியற்காலை மூன்றே முக்காலுக்கு அடித்தது என்றால், ஒன்பதேகால் அளவை யாரோ ராத்திரி ஷிஃப்டிலேயே கற்பனையாக எழுதிவைத்தார்கள் என்று ஆகிவிடும். சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது நான் பேசினேன். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டிய இடம் அது என்று நினைத்தேன். "சார், ஒரு நிமிஷம். இந்த சிடி லண்டன் நேரத்தில் ஓடுது. விண்டோஸ் கோப்பை இதிலிருந்து பார்த்தா அஞ்சரை மணி நேரம் குறைச்சுக் காட்டும். நம்ம நேரத்துக்கு அஞ்சரை கூட்டணும்."

மேனேஜர் விரல் விட்டுக் கூட்டினார். "ஒன்பது பதினேழு!"

ஒன்பதேகாலுக்கு அளவு எடுத்து, இரண்டு நிமிடத்தில் அடித்திருக்கிறார்கள். அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. செயலாளரும் தலையாட்டினார். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நானே கண்டுபிடித்த விஷயம் அது, புத்தகத்தில் படித்ததல்ல. அந்தப் பெருமிதம் அப்போது எனக்குள் இருந்தது.

அவர் தலையைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் வழக்கம்போல முழு வட்டையும் நகலெடுத்தார், சிடியை வெளியே எடுத்தார், நகல் வட்டைப் பையில் வைத்துக்கொண்டார், தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். காற்று அளக்கப்பட்டது, சரியாக இருந்தது, இறங்கியவர் முகமூடியைக் கழற்றியிருக்கக்கூடும். ஷெட் கம்ப்யூட்டரை அன்று மாலையே அழித்துப் புதிதாகப் போட்டார்கள். குழியை மறுபடி திறந்தார்கள். ஏழுமலையின் இடத்துக்கு, குடும்பத்துக்கு உதவி என்று சொல்லி, கஸ்தூரியின் தம்பியையே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் என் வீட்டில் வேறு எதற்காகவோ ஒரு சோதனை செய்தேன். காலை பதினொன்று பத்துக்கு ஒரு கோப்பை சி டிரைவில் எழுதினேன். அதே நிமிடத்தில் டி டிரைவிலும் ஒன்று எழுதினேன். லினக்ஸ் சிடியைப் போட்டு இரண்டையும் பார்த்தேன். சி டிரைவ் கோப்பு ஐந்து நாற்பது என்றது. டி டிரைவ் கோப்பு பதினொன்று பத்து என்றது.

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதேதான். இரண்டு பகுதிகளும் இரண்டு வகை. சி டிரைவின் வகை நேரத்தை லண்டன் கணக்கில் எழுதிவைக்கிறது, அதற்குக் கூட்ட வேண்டும். டி டிரைவின் வகை பழையது, சுவர்க் கடிகாரம் காட்டுவதை அப்படியே எழுதிவைக்கிறது. அதற்குக் கூட்டக்கூடாது. ஷெட் கம்ப்யூட்டரிலும் இதே இரண்டு வகைகள்தான். அவற்றைப் பிரித்து அமைத்தவளே நான்.

அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருந்தது. அம்மா சமையலறையிலிருந்து ஏதோ கத்தினாள். எனக்கு மூன்று நாற்பத்தேழு மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை கிடங்கு வாசலில் கஸ்தூரி தம்பிக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அருகில் வந்தாள்.

"யக்கா, உள்ள மீட்டரு வுடுறத நீ பாத்துகினு கீறியா? இவன் கையில சீட்டு தராங்கோ, அது மட்டும் தான் தெரியும்ன்றான். எனுக்கு பயமா கீது."

"பார்க்கிறேன்" என்றேன். ஷெட்டுக்குப் போய் அன்றைய கோப்பைத் திறந்தேன். மணி எட்டேகால். ஒன்பதேகால் அளவு அதில் ஏற்கெனவே இருந்தது.

குழிக்கு அன்று ஆள் இறங்காமல் இருக்க மோட்டார் பழுது என்று ஒரு பொய் சொன்னேன். அது ஒரு நாளைக்குத்தான் தாங்கும். மதியம் கல்மண்டபத்துக்குப் போனேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் உட்காராமலே சொன்னேன். "அண்ணா, அந்த டி டிரைவ் பழைய வகை. அதுக்குக் கூட்டக்கூடாது."

"ஆமா" என்றார்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"தொறக்கும்போதே தெரியும்மா. கட்டளை அடிக்கறப்பவே இன்னா வகைன்னு போட்டு தானே தொறக்கறோம்."

"அப்போ ஏன் சொல்லல?"

"என்கிட்ட இன்னா கேட்டாங்க? இன்னா டைம் காட்டுதுன்னு கேட்டாங்க. சொன்னேன். கூட்டணும்னு நீ சொன்ன. அவங்க எழுதிகினாங்க."

"ஒரு ஆள் செத்திருக்கார் அண்ணா. இன்னொருத்தன் அதே குழியில தினம் இறங்கறான்."

அவர் தட்டில் கையைக் கழுவினார். யாருக்கும் பயந்தவர்போல இல்லை. யாரிடமும் எதுவும் வாங்கியவரும் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். எழுந்து பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு வட்டை எடுத்துக் காட்டினார். மேலே 'திருவொற்றியூர்' என்று எழுதியிருந்தது. தேதிக்குப் பக்கத்தில் வேறெதிலும் இல்லாத ஒரு சிவப்புக் கோடு.

"இத்த அழிக்க மாட்டேன். மூணு மாசம் ஆனாலும் அழிக்க மாட்டேன்" என்றார்.

"நீங்களே வந்து சொல்லுங்க."

"கூப்ட்டா வரேன். கேட்டா சொல்றேன்."

அதற்கு மேல் அவரை நகர்த்த முடியவில்லை. அன்று மாலையே கஸ்தூரியின் வீட்டுக்குப் போய், தொழிற்சாலை ஆய்வாளருக்கு அவள் பெயரில் மனு எழுதினேன். குழி, மீட்டர், முன்கூட்டியே எழுதும் பழக்கம், அழிக்கப்பட்ட கம்ப்யூட்டர், நகல் யாரிடம் இருக்கிறது, எல்லாவற்றையும் எண் போட்டு எழுதினேன். ஏழு அம்சங்கள். ஐந்தரையைக் கூட்டச் சொன்னது யார் என்பது மட்டும் அதில் இல்லை. கஸ்தூரி கேட்கவில்லை. கேட்க அவளுக்குத் தெரியாது. தம்பியை உடம்பு சரியில்லை என்று வீட்டில் நிறுத்திவைத்தாள்.

ஒன்பதாம் நாள் விசாரணை. ஆய்வாளர் அலுவலகத்தில் நீள மேஜை. மேனேஜரும் சூப்பர்வைசரும் ஒருபக்கம். எதிரே கஸ்தூரி, பக்கத்து நாற்காலியில் நான். தம்பி சுவரோரமாக நின்றான். அவர் கழுத்துப் பித்தான் போட்ட சட்டையோடு, வட்டை ஒரு துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"கோப்பில் நீங்கள் பார்த்த நேரம் என்ன?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"மூணு நாப்பத்தேழு சார்."

"அறிக்கையில் ஐந்தரை கூட்டியிருக்கிறார்கள். கூட்டினால் என்ன வரும்?"

"ஒம்போது பதினேழு."

"சரியாகத்தான் இருக்கிறது?"

"கூட்டினா அது தான் சார் வரும்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். ஆய்வாளர் பேனாவை மூடப் போனார். இவர் நேராகப் பார்த்துக்கொண்டு, இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்க, அடுத்த கேள்விக்காக நின்றார். வராவிட்டால் அப்படியே படியிறங்கிப் போயிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நான் எழுந்தேன். "சார், கூட்டணுமான்னு அவரைக் கேளுங்க."

"நீங்க யாரும்மா?"

"அந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குறவ சார். தயவுசெஞ்சு அதை மட்டும் கேளுங்க."

ஆய்வாளர் எரிச்சலோடு அவர் பக்கம் திரும்பினார். "கூட்டணுமா?"

"கூடாது சார்" என்றார் அவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சி டிரைவுக்கு தான் கூட்டணும். இது டி. இதுல இருக்கறது நம்ம கடிகாரத்து டைம். விடியக்காலை மூணு நாப்பத்தேழு தான்."

கஸ்தூரி சத்தமாகச் சொன்னாள், "மீட்டரு ரூம எட்டரைக்கு தான்யா தொறப்பானுங்க! சாவி அதுக்கு முன்ன எவன்கிட்டயும் கெடையாது!"

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். நகல் வட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குழியை இன்றே மூடி சீல் வைக்க வேண்டும் என்று பக்கத்திலிருந்த எழுத்தரிடம் சொன்னார். தம்பி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு ஆய்வாளர் நிமிர்ந்தார். "அப்போ தப்பா அஞ்சரையைக் கூட்டச் சொன்னது யாரு?"

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் இவர் கையை நீட்டினார். வேலையென்று வந்தால் முதுகுக்குப் பின்னால் போய்விடும் அந்த இடது கையை அன்றுதான் அவர் முன்னால் கொண்டுவந்து நான் பார்த்தேன்.

"தோ, இந்தம்மா."

குரலில் பகை இல்லை. கேட்டதற்குச் சொன்னார்.

ஆய்வாளர் புதிய தாள் ஒன்றை எடுத்தார். "பெயர்?" என்றார். சொன்னேன். "தகப்பனார் பெயர்?" அதையும் சொன்னேன். "அன்னிக்கு நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

நான் ஆரம்பிக்கும்முன், கஸ்தூரி என் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரோரமாக நின்ற தம்பியின் அருகே போய் நின்றுகொண்டாள்.